பேதிக்குக் குடித்திருக்கிறார்

அஞ்சலை உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்து போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். தலையில் மீன்கூடை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பாதிக்கு மேல் விற்றுவிடுகிறவள் அவள். அன்று கூடையை மூடியிருந்த ஈரச்சாக்கு கலையாமல் அப்படியே இருந்தது. ஊரில் யாரும் மீன் வாங்குவதில்லை என்று ஆகிப் பத்து நாளாகியிருந்தது.

"பாப்பா, செத்த இங்க வாயேன்" என்றாள்.

வருகைப் பதிவேட்டைக் கையில் பிடித்தபடியே போனேன். அதைக் கீழே வைக்கிற வழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. இருபத்திரண்டு வயதில் முதன்முதலாகக் கைக்கு வந்த அதிகாரம் அது.

"என்னக்கா, உங்க தம்பி இன்னும் வரலை? வெள்ளிக்கிழமை பரீட்சைங்கறது ஞாபகம் இருக்கா அவனுக்கு?"

அஞ்சலை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "ராத்திரியிலேர்ந்து வயித்தால போவுது பாப்பா. வாந்தியும் எடுக்குறான்."

இதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுத வேண்டும். போன வாரம் தட்டச்சுப் பள்ளிக்கூடத்துக் கூத்துகளைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அதற்கு முந்தைய வாரம் என் சைக்கிள் புராணம். உண்மையில் இந்தக் கதையை எழுதாமல் தள்ளிப்போடத்தான் அவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் சிரிக்க அதிகம் இருக்காது, மன்னிக்க வேண்டும்.

நெல் கிடங்கில் ஒரு பள்ளிக்கூடம்

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய நெல் கிடங்கு இருந்தது. நெல்லை எடுத்துவிட்டு அதில் தொழிற்பயிற்சிக் கூடம் தொடங்கினார்கள். வேலை இல்லாத பிள்ளைகளுக்கு ஆறு மாதப் பயிற்சி. வெல்டிங், வயரிங், குழாய் வேலை என்று மூன்று பிரிவு. எலிகளுக்கு மட்டும் கிடங்கு கைமாறிய செய்தி கடைசிவரை தெரியவில்லை.

நான் கோவில்பத்திலிருந்து நடந்தே போவேன். தற்காலிக வேலை. வருகைப் பதிவேடு, விடுப்புக் கடிதங்கள், தமிழ் தட்டச்சு எல்லாம் என் பொறுப்பு. பையன்கள் என்னை 'ரெஜிஸ்தர் அக்கா' என்று கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். அந்த ஒரே காரணத்துக்காகப் பையன்கள் அவருக்கு 'முசே', அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்துக் காகிதம் என்றால் கைகால் உதறும்.

அரபு நாட்டு ஆசை ஊரைப் பிடித்து ஆட்டிய சமயம். கடல் தாண்டிப் பிழைப்பது எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளுக்குப் பழகிய விஷயம். அங்கே 'சபர் போயிருக்காங்க' என்று சொன்னால் அது வெளியூர் போனதைப்போலத்தான். இப்போது அந்த ஆசை வயற்காட்டு வீடுகளுக்கும் மீனவக் குப்பங்களுக்கும் பரவியிருந்தது. படித்த பையனைவிட வெல்டிங் தெரிந்த பையனுக்கு அங்கே மதிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நெல் கிடங்கில் இடம் கேட்டு சிபாரிசுக் கடிதங்களோடு வந்தார்கள்.

உள்ளே வெல்டிங் கண்ணாடி நாலு பேருக்கு ஒன்று. முறை வராதவன் ஓரக்கண்ணால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல எரிகிறது என்று அழுதுகொண்டு போவான். மறுநாள் சிவந்த கண்ணோடு திரும்பி வருவான். வராமல் இருந்தவன் ஒருவனும் இல்லை.

வெள்ளைக் கோடு

அந்த வருஷம் மழை விட்டதும் காலரா வந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா என்று பல நாடுகளில் அது பரவியிருப்பதாக ரேடியோ வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உலகத்து நோய் எங்கள் வாய்க்காலுக்கு வந்த பிறகுதான் நாங்கள் ரேடியோவைக் காது கொடுத்துக் கேட்டோம்.

நகராட்சியைப் பழைய ஆட்கள் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். மேரி ஆட்கள் கிணறு கிணறாக பிளீச்சிங் கொட்டினார்கள். எதைக் குடித்தாலும் அந்த வாடை. பயிற்சிக் கூடத்தில் மண்பானையை எடுத்துவிட்டு, கொதிக்க வைத்த தண்ணீரை டிரம்மில் ஊற்றி வைத்தோம். அவரவர் டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும். ஒரே கூட்டமாக இருக்கக்கூடாதென்று காலையில் ஒரு பாதி, மாலையில் ஒரு பாதி எனப் பிரித்தோம். வயரிங் வகுப்பை நிறுத்தியே விட்டார்கள்.

சமீபத்தில் நாம் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தோமே, அப்போது என் பேரன் கைப்பேசியைப் பார்த்து ஏ.சி. மெக்கானிக் வேலை படித்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் சான்றிதழ் வாங்கினான். முதலில் சிரித்தேன். அப்புறம் அஞ்சலையின் தம்பி தங்கராசு நினைவு வந்துவிட்டது.

காலராவுக்கு நடுவில்தான் அந்தச் செய்தியும் வந்தது. பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வரப்போகிறார்கள். வளைகுடாவில் கப்பல் கட்டுமிடத்துக்கு வெல்டர்கள் வேண்டும். வெள்ளிக்கிழமை இங்கேயே பரீட்சை வைத்து ஆள் எடுப்பார்கள். தேறியவனுக்கு பாஸ்போர்ட்டிலிருந்து டிக்கெட் வரை அவர்கள் பொறுப்பு. காலரா ஊசி போட்ட முத்திரை மட்டும் தடுப்பூசிக்கான மஞ்சள் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

முசே எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து அறிவித்தார். "யார் வீட்டுல வாந்திபேதி இருந்தாலும் பத்து நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பேரு அடுத்த பேட்சுக்குப் போயிடும். ஆஸ்பத்திரி வார்டுல சேர்ந்தவங்க பட்டியல் தினம் சாயங்காலம் எனக்கு வருது. மறைக்கலாம்னு பாக்காதீங்க."

தப்பான விதி என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். முப்பது பிள்ளைகள் ஒரே டிரம்மில் தண்ணீர் மொள்ளுகிற இடம். ஆனால் அதைக் கேட்ட அன்றே எல்லார் வீட்டிலும் மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். கூடவே ஓர் எச்சரிக்கை நோட்டீஸை முசே என்னிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். 'அரிசி கழுவிய நீர்போல வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு நிமிடமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு வரவும்.' கார்பன் வைத்து ஆறு பிரதி எடுத்தேன். ஒன்றை என் மேஜைக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டினார்கள்.

நகராத தொழில்

தங்கராசு கோட்டுச்சேரிமேடு மீனவக் குப்பத்துப் பையன். அப்பாவும் சித்தப்பாக்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுமரம் அலையைத் தாண்டியதும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். முதலில் சின்னப் பையன், பழகிவிடும் என்றார்கள். பத்தொன்பது வயதிலும் பழகவில்லை. அவன் ஏறிய மரத்தில் வேலைக்கு ஓர் ஆள் குறைந்து, இவன் தலையைப் பிடிக்கிற வேலை கூடியது. குப்பம் முழுக்க அவனைக் கேலி செய்தது.

சேர்க்கை அன்று முசே அவனிடம் கேட்டார்: "வெல்டிங் எதுக்குத் தேர்ந்தெடுத்தே?"

"அது ஆடாதுங்க" என்றான்.

முசே சிரிக்காத மனிதர். அன்று பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் கை சுத்தமான கை. மற்றவர்கள் இரும்பின்மேல் கஞ்சி கொட்டியதுபோல இழுத்து வைப்பார்கள். தங்கராசு வெல்டிங் ராடைப் பிடித்தால் இரண்டு இரும்புக்கும் நடுவே வரிசையாக மணி கோத்து வைத்த மாதிரி பற்று விழும். சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் அப்படியே மின்னும். "இவன் ஒட்டுனதைப் பிரிக்கணும்னா பம்பாய்லேர்ந்துதான் ஆளு வரணும்" என்று சொல்லிக்கொடுக்கிறவரே சொல்வார்.

கப்பல் கட்டுமிடம் என்று தெரிந்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. மாலை என் மேஜைக்கு வந்து நின்றான்.

"ரெஜிஸ்தர் அக்கா, கப்பல் தண்ணியில நிக்கிறப்பவா வெல்டிங் அடிக்கணும்?"

"கட்டி முடிச்ச பிறகுதான்டா தண்ணியில இறக்குவாங்க. அதுவரைக்கும் தரையிலதான் நிக்கும்."

"சத்தியமா?"

எனக்கு என்ன தெரியும்? கப்பலை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். "சத்தியமா" என்றேன். அவன் முகத்தில் உயிர் வந்தது. எனக்கு அதில் பெருமையாக இருந்தது. யாராவது என்னிடம் வழி கேட்டு நின்றால், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தத் தொடரில் நான் செய்ததாக எழுதிய அத்தனை அசட்டுத்தனத்துக்கும் அந்தக் குணம்தான் காரணம்.

கேள்வி கேட்க முடியாத காரணம்

இப்போது பேதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் பேதி என்பது நோய்க்கும் பெயர், மருந்துக்கும் பெயர். வாந்திபேதி என்றால் காலரா. பேதிக்குக் குடிப்பது என்றால் வயிற்றைச் சுத்தம் செய்ய நாமே மருந்து சாப்பிடுவது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் எல்லார் வீட்டிலும் அது நடக்கும். என் அப்பா விடியற்காலையில் விளக்கெண்ணெயை இஞ்சிச் சாற்றில் கலந்து, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து வைப்பார். அன்று முழுக்க ரசம் சாதம். யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்தாலும் 'பிள்ளைங்க பேதிக்குக் குடிச்சிருக்கு' என்று வாசலிலேயே சொன்னால் சிரித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

விடுப்பு எடுக்க இதைவிட நல்ல காரணம் உலகத்தில் இல்லை என்பதை நான் எட்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். காய்ச்சல் என்று எழுதினால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். சாவு என்று எழுதினால் யார் என்று கேட்பார்கள். 'பேதிக்குச் சாப்பிட்டிருப்பதால்' என்று எழுதினால் எந்த வாத்தியாரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அதை வைத்து நான் பார்த்த பகல் காட்சிகளுக்குக் கணக்கில்லை. தட்டச்சுப் பள்ளியில் ஒரே மாதத்தில் மூன்று தடவை பேதிக்குக் குடித்திருக்கிறேன்.

பயிற்சிக் கூடத்தில் கடிதங்களை வாங்குகிற இடத்தில் நானே உட்கார்ந்த பிறகு, பையன்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தேன். முசே கடிதத்தைப் பார்ப்பார், மூக்கைச் சுருக்குவார், கையெழுத்துப் போடுவார்.

கேட்டருகே

அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைக்கே வருகிறேன்.

"எத்தனை தடவை போச்சுக்கா?" என்று கேட்டேன்.

"எண்ண முடியல பாப்பா. அரிசி களைஞ்ச தண்ணியாட்டம் போவுது. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. அம்மா தண்ணி குடுக்க மாட்டேங்குது, குடிச்சா இன்னும் போவும்னு. கடல்ல எடுக்குற வாந்தியாட்டம்தான், தானா நின்னுடும்னு அப்பா சொல்லுது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துடட்டுமா?"

நான் என் கையால் தட்டச்சு செய்த அதே வார்த்தை. எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாக விழுந்தது. விழுந்ததை நான் ஒதுக்கித் தள்ளினேன்.

"தூக்கியாந்தா வார்டுல போட்டுடுவாங்கக்கா. சாயங்காலமே பட்டியல் இங்க வந்துடும். அப்புறம் அவன் பேரு அடுத்த பேட்சுக்குத்தான்."

"அடுத்த பேட்சுக்கு அவங்க எப்ப வருவாங்க?"

"வருவாங்களோ, மாட்டாங்களோ."

அஞ்சலை கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். "அவன் திரும்பவும் மரத்துல ஏறுனா செத்துடுவான் பாப்பா" என்றாள். கடலைத்தான் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை மறைக்க விரும்பவில்லை.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. பேதிக்குக் குடிச்சிருக்கான்னு நான் லீவு எழுதிக்கறேன். நீங்களும் யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க. அக்கம்பக்கம், மேரி ஆளுங்க, யாரா இருந்தாலும் அதே பேச்சுதான். மோரு கொஞ்சம் கரைச்சுக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள நின்னுடும். நிக்கலைன்னா நாளைக்கு ஆஸ்பத்திரியைப் பாத்துக்கலாம்."

"பேதிக்குக் குடிச்சிருக்கான்" என்று அஞ்சலை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஆமா. அவ்வளவுதான்."

"நீ படிச்ச பொண்ணு பாப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." கூடையிலிருந்து நாலு சங்கரா மீனை எடுத்து நீட்டினாள். காலராவுக்குப் பயந்து நான் வேண்டாம் என்றேன்.

உள்ளே வந்து தங்கராசு பேரில் கடிதம் எழுதினேன். 'நான் பேதிக்குச் சாப்பிட்டிருப்பதால் இன்றும் நாளையும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' முசே படித்தார். "பரீட்சை வாரத்துலயா இவனுக்கு வயித்தைக் கழுவணும்?" என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரீட்சைப் பட்டியலில் தங்கராசு பெயர் முதலாவதாக இருந்தது.

மதியம்

அன்று மதியம் நடந்தது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஜீப்பில் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போயிருக்கிறார். கையில் நோட்டு, கூட இரண்டு ஆட்கள். வீடு வீடாக ஏறி, யாருக்காவது வயிற்றால் போகிறதா, வாந்தி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

அஞ்சலை அப்போதுதான் விற்காத மீனோடு வீடு திரும்பியிருக்கிறாள். வாசலில் நின்று பதில் சொல்லியிருக்கிறாள். "இல்லீங்க. தம்பி மட்டும் பேதிக்குக் குடிச்சிட்டுப் படுத்திருக்கான்."

நோய்க்காலத்தில் எவனாவது பேதிக்குக் குடிப்பானா என்று இன்ஸ்பெக்டர் திட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனாராம். அவரும் இந்தப் பக்கத்து ஆள். சின்ன வயதில் அவரையும் யாரோ மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் குடிக்க வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருந்தால் அந்தப் பதிலுக்கு அர்த்தம் புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்திருப்பார். தங்கராசு பிழைத்திருப்பான்.

தந்தி

புதன்கிழமை காலை நான் போனபோது முசே கையில் ஒரு தந்தியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காலரா இருக்கிற ஊருக்கு வரமாட்டோம் என்று பம்பாய்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பரீட்சை ரத்து. பிறகு வருவதாக இருந்தால் தெரிவிப்பார்களாம்.

பையன்கள் முற்றத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் தன் டம்ளரைச் சுவரில் வீசியடித்தான். நான் பட்டியலைப் பார்த்தபடி நின்றேன். தங்கராசுவுக்கு எப்படிச் சொல்வது, ஏமாந்து போவானே என்றுதான் நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

பத்து மணி இருக்கும். கோட்டுச்சேரியிலிருந்து வரும் பையன் ஒருவன் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். தங்கராசு விடியற்காலையில் இறந்துவிட்டான்.

"பேதிக்குக் குடிச்சது ஒத்துக்கலையாம்" என்றான் அந்தப் பையன்.

முசே சட்டென்று என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை மேஜைமேல் வைத்தேன். யாரிடமும் சொல்லாமல் பேருந்து நிலையத்துக்குப் போய், கோட்டுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து கடற்கரை வரை நடந்தேன். வழியெல்லாம் வெயில். நடக்க நடக்க, அவன் எப்படியும் பிழைத்திருக்கமாட்டான், என்னால் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

கோட்டுச்சேரிமேடு

வாசலில் பனையோலைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஒரே இரவில் முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. விரல்கள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவைபோலச் சுருக்கம் விழுந்திருந்தன. அவன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டானே, கொடுக்கவில்லையே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அவன் துணிகளை யாரோ கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்தார்கள். குப்பத்து ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடி வயித்தைச் சுத்தம் பண்றேன்னு பேதிக்குக் குடிச்சான். தாங்கல."

அவருக்கு உண்மை தெரியும். ஊருக்காகச் சொல்கிறாரா, சொல்லிச் சொல்லி நம்பத் தொடங்கிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதே வாசலில் குழந்தைகள் அதே கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திற, வாயைத் திற என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். குப்பத்து ஆட்கள் அடிப்பார்கள் என்று பயந்தேன். எல்லாவற்றையும்விட, நான்தான் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பாயில் கிடந்தவனை ஒரே ஒரு முறை குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேத்து மத்தியானம் இதே வாசல்ல நின்னுதானம்மா உன்னைக் கேட்டேன்" என்றார் அஞ்சலையிடம். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "வண்டியில சலைன் பாட்டில் இருந்துச்சு. நாலு பாட்டில் இருந்துச்சும்மா. இப்பவாவது சொல்லு. தம்பிக்கு என்ன ஆச்சு? மறைச்சீன்னா இந்தக் குப்பமே போயிடும்."

அத்தனை பேரும் அஞ்சலையைப் பார்த்தார்கள்.

அஞ்சலை கூட்டத்தில் யாரையோ தேடினாள். வேலியோரம் நின்ற என்மேல் வந்து அவள் கண் நின்றது.

"பாப்பா" என்றாள். "இப்ப என்ன சொல்லட்டும்?"

உண்மையைச் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். அன்று மாலைக்குள் குப்பம் முழுவதற்கும் ஊசி போட்டார்கள், கிணற்றை மூடினார்கள். அடுத்த தெருவில் ஒளித்து வைத்திருந்த நோயாளிகள் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அதைச் சொல்லி என்னைத் தேற்றியவர்கள் உண்டு. முசே என்னை வேலையைவிட்டு அனுப்பினார், அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

'இப்ப என்ன சொல்லட்டும்' என்று அஞ்சலை கோபத்தில் கேட்டிருந்தால், இத்தனை வருஷத்தில் நான் ஏதாவது சமாதானம் கண்டுபிடித்திருப்பேன். அவள் கேட்டதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. தம்பியைப் பாயில் போட்டுவிட்டு, படித்த பெண் இன்றைக்கும் சரியானதைத்தான் சொல்லிக்கொடுப்பாள் என்று நம்பி, நான் வாய் திறக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.